பூ விழுந்த கண்ணும் பெயரில்லா நோயும்

(தஞ்சைப் பகுதி நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேச ஆரம்பிக்கும் முன் உங்களிடம் ஒரு வேலை வாங்கிக்கொள்கிறேன். வலது உள்ளங்கையைக் குழித்து வலது கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம், மறைத்தால் போதும். கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். எனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் இன்றைய தேதி தெரிகிறதா? சரி, கையை எடுத்துவிட்டு இடது கண்ணை மறையுங்கள். இப்போதும் அதே தெளிவில் தெரிகிறதா? தெரிந்தவர்கள் கையை இறக்கிவிடலாம். தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல் போகாதீர்கள். மூன்று நான்கு பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

இதைச் செய்யச் சொன்னதற்குக் காரணம் பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவர். ஒரு திங்கட்கிழமை காலை, புறநோயாளிகள் பிரிவில் வரிசை வாசல் வரை நிற்கிறது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, "டாக்டரய்யா, நேத்து பஸ்ல வரும்போது வலது கண்ணுல தூசி விழுந்துச்சு. கசக்குனேன். அதுல இடது கண்ணு போயிடுச்சு" என்றார். பக்கத்தில் இருந்த செவிலியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வலதைக் கசக்கினால் இடது எப்படிப் போகும்? ஆனால் பெரியவர் பொய் சொல்லவில்லை. தூசி விழுந்த வலது கண்ணை மூடியபோதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக இடது கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. பரிசோதித்தால், அந்தக் கண் போய் ஒரு வருடமாவது இருக்கும்.

ஒரு கண் போனால் மறு கண் அதன் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், நமக்குச் சொல்லாது. வலித்தால் வருகிறோம், சிவந்தால் வருகிறோம், உறுத்தினால் ராத்திரியானாலும் வருகிறோம். கண்ணைப் பறித்துக்கொண்டு போகும் நோய்களில் பாதி வலிப்பதும் இல்லை, சிவப்பதும் இல்லை.

கண்ணுக்கு வரும் தொல்லைகளுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளெழுத்து, புரை, பூ, மாலைக்கண், சதை வளர்தல், மாறுகண், மெட்ராஸ் ஐ. பெயர் இருக்கிறதென்றால் அதை யாரோ கண்டிருக்கிறார்கள், அனுபவித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வெள்ளெழுத்து. பழைய ஆட்கள் சாளேசரம் என்பார்கள். நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. பெயரிலேயே வயது இருக்கிறது. நாற்பதைத் தொட்டதும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைக்கத் தொடங்கி, கிட்டத்தில் குவியும் சக்தி குறைகிறது. மாத்திரை அட்டையைக் கை நீளும் வரை தள்ளிப் பிடிக்கிறோம். அரிசியில் கல் பொறுக்குவதற்குப் பேத்தியைக் கூப்பிடுகிறோம். இது நோயே இல்லை. ஒரு கண்ணாடி போதும். ஆனால் அந்தக் கண்ணாடியின் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் வெளியானது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நம் ஊரில் பூக் கட்டுகிறவர்களையும் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். நடைபாதைக் கடையில் ரெடிமேட் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்பீர்கள். எழுத்து தெரியும், கெடுதல் இல்லை. ஆனால் கண்ணாடிக்காக ஒரு தரம் மருத்துவரிடம் போயிருந்தால் கண்ணின் உள்ளே என்ன நடக்கிறதென்றும் பார்த்திருப்பார். அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

அடுத்தது புரை. பாலுக்கு உறை ஊற்றுவதைப் புரை குத்துவது என்று சொல்கிறோமே, அதே புரை. தெளிந்த லென்ஸ் பால் திரிந்தாற்போல் மங்குகிறது. புகை மூட்டத்துக்குள் பார்ப்பது போல் இருக்கும், எதிரே வரும் லாரியின் விளக்கு சிதறிக் கண்ணைப் பறிக்கும், நிறங்கள் வெளுத்துப் பழுப்பேறும். ஒரு வேடிக்கையான அறிகுறியும் உண்டு. எழுபது வயது அம்மா ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "கண்ணாடி இல்லாமலே இப்ப பேப்பர் படிக்கிறேன் தம்பி. எங்க வீட்டு மருமகளால முடியல." லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்பட்டுக் கிட்டப் பார்வை திரும்பியிருக்கிறது, தூரப் பார்வை போயிருக்கிறது. அது இளமை திரும்பியதல்ல, புரையின் முதல் கடிதம்.

"முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று இன்னும் சொல்கிறார்கள். அது பழைய அறுவை முறையின் பேச்சு. அப்போது லென்ஸை முழுதாக வெளியே எடுத்தார்கள். முத்தினால்தான் எடுக்க வசதி. எடுத்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. இன்று முத்தவிட்டால் கண்ணுக்கு ஆபத்தே தவிர லாபமில்லை. கனிந்து வெடிக்கும் நிலைக்குப் போன புரை, கண்ணில் அழுத்தத்தை ஏற்றி, தலைவலியும் வாந்தியுமாக ஆளைக் கொண்டுவந்து போடும். அன்றாட வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றும் நாள்தான் அறுவைக்குச் சரியான நாள். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது விற்றால் காசு கொடுக்காதீர்கள். அப்படி ஒரு மருந்து இன்று வரை இல்லை.

தஞ்சைக்காரர்களிடம் சொல்லாமல் விடமுடியாத ஒன்று இங்கே இருக்கிறது. சுசுருதரின் நூலில் புரை லென்ஸை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து விலக்கும் முறை வருகிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் இந்த ஊரில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்திருக்கிறது. நோயாளியின் குறிப்பும், அந்தக் கண்ணைத் தீட்டிய வண்ணப் படமுமாக ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முன் ஒரு ராஜா கேஸ் ஷீட் எழுத வைத்திருக்கிறார். நான் வேலை பார்த்த சில இடங்களில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதை ஒழுங்காக எழுதவைக்க என்னால் முடியவில்லை.

லென்ஸை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் என்ன வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் போர் விமானத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமான மூடியின் அக்ரிலிக் சில்லுகள் தெறித்தன. அவற்றைக் கண் வெறுத்து ஒதுக்காமல் சும்மா இருந்ததை லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கவனித்தார். 1949-ல் அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக மருத்துவர்கள் பலர் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். நம் பக்கத்துக்கு அந்த லென்ஸ் வந்தபோது விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்கள் அவருக்கு. அந்த விரலுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டு அறுவை செய்தவர். அந்த நிறுவனத்தின் ஆரோலேப் 1992-ல் லென்ஸ் செய்யத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் இருந்த விலை நூற்றுக்கணக்குக்கு இறங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடி நம் தெருக்களிலிருந்து மறைந்தது இப்படித்தான்.

ஆபரேஷன் ஆகி ஒன்றிரண்டு வருடம் கழித்து "புரை திரும்ப வந்துடுச்சு" என்று சிலர் வருவார்கள். திரும்ப வராது. புது லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை மங்கியிருக்கும். லேசரில் சில நிமிட வேலை.

இப்போது பூ. இதையும் புரையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத வீடே இல்லை. புரை உள்ளே, கண்மணிக்குப் பின்னால். பூ வெளியே, கருவிழியின் மேல். கருவிழி அரை மில்லிமீட்டர் கனமுள்ள தெளிவான சன்னல். அதில் புண் வந்து ஆறினால் விழும் வெள்ளைத் தழும்புதான் பூ. டெல்டாவில் அறுவடை மாதங்களில் எங்கள் வார்டு நிறையும். அந்தக் கதை எப்போதும் ஒரே மாதிரிதான். கதிர் அடிக்கும்போது நெல்லோ, சுணையோ, தாளின் நுனியோ கண்ணில் பட்டிருக்கும். முதல் நாள் உறுத்தல். யாராவது தாய்ப்பால் விடச் சொல்வார்கள், அல்லது விளக்கெண்ணெய். நாக்கால் தூசி எடுப்பவர் பக்கத்து ஊரில் இருப்பார், அங்கே போவார்கள். நாலாம் நாள் மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து.

அந்தச் சொட்டு மருந்தில்தான் வில்லங்கம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இரண்டு நாளில் சிவப்பு குறையும், வலி குறையும். "நல்ல மருந்து" என்று அடுத்த பாட்டிலும் வாங்குவார்கள். உள்ளே இருப்பது பூஞ்சை. பயிரிலும் மண்ணிலும் இருக்கும் ஃப்யூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவை. காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம். ஸ்டீராய்டு செய்வது அதுதான். எங்களிடம் வரும்போது கருவிழி பாதி கரைந்திருக்கும்.

நேரத்தில் வந்தால் கதை வேறு. புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு துளி கரைசல் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை இழைகள் கிளை கிளையாகத் தெரியும். அன்றைக்கே நாட்டமைசின் சொட்டு, முதலில் மணிக்கு ஒரு தரம். அதைவிட விலை கூடிய வோரிகோனசோல் சொட்டோடு ஒப்பிட்டு மதுரையிலிருந்து நடந்த பெரிய ஆய்வு 2013-ல் வந்தது. பழைய நாட்டமைசினே ஜெயித்தது. ஆறுவதற்கு வாரக்கணக்காகும். விடிய விடிய சொட்டு விடுவதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அறுவடைக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் அந்த ஆள் எங்கிருந்து வருவார்? மருந்து எழுதும்போது நாங்கள் யோசிக்கத் தவறுகிற இடம் இது.

கண்ணில் ஏதாவது விழுந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், கசக்காதீர்கள். மறுநாளும் உறுத்தினால் கண் மருத்துவர். மருந்துக் கடை அல்ல. வெற்றிலைப் பெட்டி இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். பிதுக்கினால் பீய்ச்சி அடித்து நேரே கண்ணுக்குப் போகும். சுண்ணாம்பு காரம், திரவகத்தைவிட மோசமாகக் கண்ணைத் துளைத்து இறங்கும். ஆட்டோ தேட வேண்டாம், முதலில் குழாயடி. இமையைப் பிரித்துப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்கையும் கழுவி எடுத்த பிறகு மருத்துவமனை. அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் செய்ததை நான் ஆறு மாதத்திலும் செய்ய முடியாது.

விழுந்த பூவுக்குக் கருவிழி மாற்று அறுவைதான் வழி. அதற்கு இறந்தவர் ஒருவரின் கருவிழி வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இருபது நிமிடம் போதும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்தவர் கண்ணும் ஆகும். துக்க வீட்டில் யாராவது ஒருவர் நினைவாகக் கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு ஒரு தலையணை வைத்தால் போதும்.

மெட்ராஸ் ஐ பற்றி நீளமாகப் பேச விரும்பவில்லை, அதுவே பத்து நாளில் போய்விடும். பெரும்பாலும் வைரஸ். பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும்: கை, துண்டு, தலையணை உறை. கறுப்புக் கண்ணாடி போடுவது மற்றவரைக் காப்பாற்றாது. பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தாலோ அது மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

மாலைக்கண் என்றால் என் படிப்புக் காலத்தில் வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகள். 1970-ல் தொடங்கிய வைட்டமின் திட்டமும், சத்துணவும், தடுப்பூசியும் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. இன்று இளைஞர் ஒருவர் "ராத்திரி வண்டி ஓட்ட முடியல, சினிமாக் கொட்டகைல தடவிக்கிட்டு போறேன்" என்றால் நான் முதலில் கேட்பது, "அப்பா அம்மா சொந்தமா?" என்பது. விழித்திரை சிறிது சிறிதாக அழியும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் குடும்பங்களில் அது கூடுதலாக வருகிறது. கீரையும் கேரட்டும் அதைத் தீர்க்காது.

குழந்தைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அந்த அதிர்ஷ்டத்தை நம்பிப் பத்து வயது வரை விட்டால், விலகிய கண்ணை மூளை கணக்கிலிருந்து எடுத்துவிடும். பிறகு கண்ணை நேராக்கலாம், பார்வையை மீட்பது கடினம். ஃபோனில் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் பூனைக் கண் போல் வெள்ளையாக மின்னினால் மறுநாளே போங்கள். பல நேரம் ஒன்றும் இருக்காது. சில நேரம் அது விழித்திரைப் புற்று. சீக்கிரம் கண்டால் உயிரும் மிஞ்சும், பல சமயம் கண்ணும் மிஞ்சும்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் பெயர் இருந்தது. இனி வருவதற்குப் பேச்சு வழக்கில் பெயரே இல்லை.

சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுப்பதை மக்கள் "சுகர் கண்ணுக்கு ஏறிடுச்சு" என்கிறார்கள். ஏறிய பிறகு சொல்வது அது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, அடைபட்டு, பலவீனமான புதுக் குழாய்கள் முளைக்கும் வரை பார்வை முழுதாகவே இருக்கலாம். கடைசி வரி எழுத்தையும் சரியாகப் படித்தவர், மறு வாரம் கண்ணுக்குள் ரத்தம் கொட்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சர்க்கரை என்று தெரிந்த அன்றே ஒரு தரம், பிறகு வருடத்துக்கு ஒரு தரம், கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு உள்ளே பார்க்க வேண்டும். அந்தச் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கூசும், படிக்க முடியாது. அதற்குப் பயந்தே பாதிப் பேர் "அடுத்த தடவை பாத்துக்கலாம் சார்" என்று நழுவுகிறார்கள். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருப்பதைக் காப்பாற்ற நன்றாக உதவும். போனதை அதே அளவுக்கு மீட்டுத் தருவதில்லை.

இன்னொன்று கிளாக்கோமா. பாட்டிக்கும் தெரியும்படி அதற்குத் தமிழில் ஒரு சொல் சொல்லுங்கள் பார்க்கலாம். 'கண் நீர் அழுத்த நோய்' என்பது நாங்கள் போஸ்டருக்காக உண்டாக்கிய சொல். இத்தனைக்கும் 1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் வேலை பார்த்த எலியட் என்ற மருத்துவர், 1909-ல் இந்த நோய்க்கு ஓர் அறுவை முறையை அறிவித்து உலகம் முழுக்கப் பேர் வாங்கினார். சிகிச்சை இங்கிருந்து உலகத்துக்குப் போயிற்று; நோயின் பெயர் எழும்பூரைத் தாண்டி நம் வீட்டுக்குள் வரவில்லை. யாருமே உணராத ஒன்றுக்கு யார் பெயர் வைப்பார்கள்?

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். பாதரச மில்லிமீட்டர் அளவில் பத்து முதல் இருபத்தொன்று வரை சாதாரணம் என்று கணக்கு. அதற்குள் இருந்தும் சிலருக்கு நோய் வருவதுண்டு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள். அவை ஓரத்திலிருந்து பட்டுப்போகின்றன. நடுப்பார்வை கடைசி வரை இருக்கும், அதனால் எழுத்து தெரியும், முகம் தெரியும். தென்னிந்தியக் கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்புகளில், இந்த நோய் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே தெரியவில்லை. இதில் ஒரு வகை மட்டும் ஆர்ப்பாட்டமாக வரும்: ஒரே ராத்திரியில் கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்து, மண்டை பிளந்து, வாந்தி வரும். பித்தம் என்று சுக்குக் கஷாயம் குடித்துக் காலை வரை காத்திருந்தால் கண் போய்விடும். அதேபோல, கண்ணுக்குள் மின்னல் வெட்டி, கறுப்புப் புள்ளிகள் மழையாய்க் கொட்டி, ஓரத்தில் திரை இறங்கினால் விழித்திரை பிரிகிறது; அன்றைக்கே போக வேண்டும். வலியில்லாமல் ஒரு கண் சட்டென்று இருட்டினால் அது பக்கவாதத்தின் உறவுக்காரன்.

ஆனால் பெரும்பாலான கிளாக்கோமா சத்தமில்லாதது. சொட்டு மருந்து அழுத்தத்தை இறக்கும், லேசரும் அறுவையும் இறக்கும். போன இழை திரும்பாது. "ஒரு பாட்டில் போட்டேன், ஒண்ணும் தெளியல, நிறுத்திட்டேன்" என்பார்கள். தெளிவதற்கான மருந்தில்லை அது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். நான் வேறு மாவட்டத்தில் கண் டாக்டர். அவர் ஊரில். வாசற்படியில் தடுக்கினார். பக்கத்தில் வைத்த காபி டம்ளரைக் கையால் தட்டிவிட்டார். திண்ணையை ஒட்டி நிறுத்தியிருந்த சைக்கிளில் இடித்துக்கொண்டார். அம்மா ஃபோனில் என்னிடம் சொல்வாள்: "உங்கப்பாவுக்குப் பராக்குப் பாக்கறதே பொழப்பாப் போச்சு. பாத்து நடங்கன்னா கேக்கறதில்ல." நான் சிரித்திருக்கிறேன். ஒரு தரம் அல்ல, இரண்டு வருடம் சிரித்திருக்கிறேன். ஏனென்றால் தினமும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனிதர் அவர். படிக்கிறவருக்குக் கண்ணில் என்ன குறை என்று நினைத்தேன், நான், கண் டாக்டர்.

ஒரு பொங்கல் விடுமுறையில், சும்மா, விசிறி நின்றுபோன மதியத்தில், கையில் இருந்த டார்ச்சை அவர் முகத்துக்கு ஓரமாகக் கொண்டுவந்தேன். "தெரியுதாப்பா?" "என்னது?" இன்னும் கொஞ்சம் உள்ளே. "என்னடா பண்றே?" மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் "ம், டார்ச்சு" என்றார். இடது கண்ணில் அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு விட்டுக்கொண்டார். மிச்சமிருந்த குழாய் அளவுப் பார்வை நிலைத்தது. பேப்பர் படிப்பதும் நிற்கவில்லை.

இந்த நோய் பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். அந்தப் பொங்கல் முடிந்த வாரமே என் கண்ணையும் தங்கையின் கண்ணையும் பார்க்க வைத்தேன். எனக்கு இல்லை. அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஆரம்ப நிலை, அழுத்தம் இருபத்தெட்டு, பார்வையில் ஒரு குறையும் இல்லை. "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே அண்ணா, எதுக்கு மருந்து?" என்று சண்டை போட்டாள். இன்று வரை ராத்திரி ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள். கும்பகோணத்திலிருந்து ஸ்கூட்டியில் தானே ஓட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிக் காலண்டரைப் பார்த்து, உடனே கையை இறக்கினாள்.

கையை இறக்காதவர்கள் மேடைப் பக்கம் வாருங்கள்.